நாய்க்கு ஆன செலவும் ஆளுக்குக் கொடுத்த சம்பளமும்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீட்டோட தங்கி வேலை பாக்கறவங்களப் பத்திதான். அதனால மாமியார் பிரச்சினை, லோன் பிரச்சினை எல்லாத்தையும் அடுத்த வாரத்துக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. நிறைய பேர் பேர் போட வேணாம்னு கேட்டதால ஊர் மட்டும்தான் இருக்கும்.

மேடம், ஸ்விட்சர்லாந்துல ஹிந்துஜா குடும்பத்து மேல நடந்த கேஸப் பத்தி ஒரு வீடியோ பாத்தேன். அவ்வளவு கோடி இருக்கறவங்க சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் ஒழுங்கா சம்பளம் கொடுத்தா அவங்க சொத்துல தூசி அளவு கூட குறையாது. அப்புறம் ஏன் இப்படி பண்றாங்க? நிஜமாவே புரியல.
*- வாசகி, கொளத்தூர்*

பாக்காதவங்களுக்காக நடந்தத முதல்ல சொல்லிடறேன். 2024 ஜூன் 21ஆம் தேதி ஜெனீவா கோர்ட்டு பிரகாஷ் ஹிந்துஜா, அவர் மனைவி கமல், மகன் அஜய், மருமகள் நம்ரதா நாலு பேரும் குற்றவாளின்னு சொல்லி பெரியவங்க ரெண்டு பேருக்கு நாலரை வருஷம், மகனுக்கும் மருமகளுக்கும் 4 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு கொடுத்துச்சு. ஆள் கடத்தல்ங்கற பெரிய குற்றச்சாட்டு நிக்கல, அதுலருந்து விடுதலை. இந்தியாலருந்து கூட்டிட்டுப் போன ஆளுங்கள சுரண்டினாங்கங்கறதுதான் நின்னுச்சு. அவங்க எல்லாத்தையும் மறுத்தாங்க, தீர்ப்ப எதிர்த்து அப்பீலும் போட்டாங்க.

அரசு வக்கீல் கோர்ட்ல சொன்ன ஒரு கணக்குதான் உலகம் பூரா ஓடுச்சு. ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 7 பிராங்க், அதுவும் சில நாள் 18 மணி நேரம் வேலை, வருஷம் முழுக்க கூட்டினா 2,555 பிராங்க் வருது. அதே வீட்டு நாய்க்கு வருஷத்துக்கு 8,584 பிராங்க்.

எல்லாரும் அந்த நாய்லயே நின்னுட்டாங்க. எனக்கு உறைச்சது வேற ரெண்டு விஷயம். சம்பளத்த ரூபாய்ல, இந்தியாவுல இருக்கற பேங்க் அக்கவுண்ட்ல போட்டாங்கன்னு சொன்னாங்க பாருங்க, அது ஒண்ணு. ஜெனீவால ஒரு டீ குடிக்கக் கூட கையில காசு இல்லாத மாதிரி, பாஸ்போர்ட்டும் கையில இல்லாத மாதிரி. இன்னொண்ணு குடும்பத்தோட வக்கீல்கள் வெச்ச வாதம். சாப்பாடும் தங்கற இடமும் குடுக்கறோமே அதையும் சம்பளத்துல சேத்துப் பாக்க வேணாமா, குழந்தைகளோட உக்காந்து படம் பாக்கறதெல்லாம் வேலையான்னு கேட்டாங்க.

இந்த ரெண்டு பேச்சையும் நீங்க கொளத்தூர்லயே கேட்டிருப்பீங்க. "அவ ஊர்ல இதுவே பெரிய காசு." "மூணு வேளை சாப்பாடு, பேன், டிவி எல்லாம் இருக்கு, சும்மாதானே உக்காந்திருக்கா." ஜெனீவாவுல வில்லாவுல பேசினாலும் இங்க டூ பெட்ரூம் பிளாட்ல பேசினாலும் கணக்கு ஒரே கணக்குதான். செய்யற வேலைக்கு இவ்வளவுன்னு சம்பளம் போடறதில்ல, அவ எவ்வளவு இல்லாதப்பட்டவ, எவ்வளவு கம்மியா குடுத்தாலும் வாங்கிப்பாங்கறத வெச்சு சம்பளம் போடறாங்க. அதனால முதலாளிகிட்ட எத்தன கோடி இருக்குங்கறது இந்தக் கணக்குல வரவே வராது. கார் ஷோரூம்ல சொன்ன விலைய குடுத்துட்டு வர்றவங்க வீட்டு வேலைக்கு வர்ற ஆள்கிட்ட ஐநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேசறது கஞ்சத்தனம் மட்டும் இல்ல. அந்த ஆளுக்கு வேற வழி இல்லன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

2013 டிசம்பர்ல நியூயார்க்ல நம்ம தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடேவ அரெஸ்ட் பண்ணாங்க, ஞாபகம் இருக்கா. ஊர்லருந்து கூட்டிட்டுப் போன ஆயாவுக்கு மாசம் 4,500 டாலர்னு விசா பாரத்துல எழுதிட்டு நிஜத்துல 30,000 ரூபாய்தான் பேசியிருந்தாங்கன்னு அமெரிக்கா தரப்பு சொல்லுச்சு. அந்த அதிகாரிய துணி அவுத்து சோதனை பண்ணது அக்கிரமம்தான், நாடே கொதிச்சதுல நியாயம் இருக்கு. பதிலடியா டெல்லில அமெரிக்க எம்பஸி முன்னாடி இருந்த பாதுகாப்புத் தடுப்ப எல்லாம் நம்ம அரசாங்கம் எடுத்துடுச்சு. ஆனா அந்த ஆயாவும் இந்தியாக்காரிதானே, அவளுக்காக எத்தன பேர் கொதிச்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஏன்னா டிவி பாத்துட்டு இருந்த நம்மள்ல நிறைய பேருக்கு 30,000 ரூபாய் நியாயமான சம்பளமாத்தான் பட்டுச்சு.

பணத்திமிர், வேற என்ன? இதுக்குப் போய் எதுக்கு ஆராய்ச்சி?
*- வாசகர், திருச்சி*

பணத்திமிர்னு சொல்லிட்டா நமக்கு ஒரு நிம்மதி சார். நம்மகிட்ட அவ்வளவு பணம் இல்ல, அதனால நாம நல்லவங்க, கதை முடிஞ்சுது.

சிங்கப்பூர்ல 2016 ஜூலைல மியான்மர்லருந்து வந்த 24 வயசுப் பொண்ணு ஒண்ணு வேலை பாத்த வீட்லயே செத்துப் போச்சு. வேலைக்கு சேரும்போது 39 கிலோ. சாகும்போது 24 கிலோ. அந்த வீட்டுக்காரர் கோடீஸ்வரர் இல்ல, போலீஸ்காரர். இந்திய வம்சாவளிக் குடும்பம், பேரப் பாத்தா நம்ம ஆளுங்கன்னு தெரியும். குழந்தையையும் வேலைக்காரியையும் கண்காணிக்கறதுக்காக அவங்களே வீட்ல மாட்டி வெச்ச கேமரால எல்லாம் பதிவாகியிருந்துச்சு, அடி, சூடு, பட்டினி, கடைசி நாட்கள்ல ராத்திரி ஜன்னல் கம்பில கட்டிப் போட்டது வரைக்கும். வீட்டம்மாவுக்கு 2021ல 30 வருஷம் ஜெயில், அப்புறம் அந்தம்மாவோட அம்மாவுக்கும் ஜெயில்.

இதுல ரெண்டு சின்ன விஷயம் இருக்கு, எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. அந்தப் பொண்ணு வீட்ட சுத்தம் பண்ணும்போது ஒண்ணு மேல ஒண்ணா பல மாஸ்க் போடணும், ஏன்னா அவ அழுக்குன்னு வீட்டம்மாவுக்கு நினைப்பு. வீட்ட சுத்தம் பண்றவளே அழுக்காம்! தனி டம்ளர், தனி தட்டு, சர்வீஸ் லிப்ட் எல்லாம் பாத்து வளந்த நமக்கு இது எங்கருந்து வருதுன்னு சொல்லணுமா என்ன. இன்னொண்ணு, வேலைக்கு எடுக்கும்போதே போன் கிடையாது, லீவு கிடையாதுன்னு பேசித்தான் எடுத்தாங்க, ஊர்ல சின்னக் குழந்தை இருந்துச்சு, காசு வேணும், அந்தப் பொண்ணும் சரின்னு தலையாட்டிருச்சு.

என் கணக்குப்படி எல்லாமே ஆரம்பிச்சது அங்கதான். லீவுங்கறது உடம்புக்கு ஓய்வு மட்டும் இல்ல. அந்த ஒரு நாள்லதான் வெளியாளுங்க அவ முகத்தப் பாப்பாங்க, என்னடி கன்னத்துலன்னு ஒரு சிநேகிதி கேப்பா. அந்த நாள எடுத்துட்டா வீட்டுக்குள்ள என்ன நடந்தாலும் வெளிய தெரியாது. முதல் நாள் யாரும் சூடு வைக்கறதில்ல. முதல்ல ஒரு திட்டு. யாரும் கேக்கல. அப்புறம் தலைல ஒரு குட்டு, அதையும் யாரும் கேக்கல. கேக்க ஆள் இல்லன்னு தெரிஞ்ச இடத்துல கை நீண்டுக்கிட்டே போகும், அதுக்குப் பணம் கூட வேணாம், பூட்டின கதவு ஒண்ணு போதும். பணம் இருந்தா கதவு இன்னும் கனமா இருக்கும், வாட்ச்மேன் இருப்பான், வக்கீல் இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிங்கப்பூர்ல வாரம் ஒரு நாள் லீவுன்னு 2013லயே சட்டம் வந்துச்சு, ஆனா லீவுக்கு பதிலா காசு குடுத்துடலாம்னு ஓட்டையும் கூடவே வந்துச்சு. 2023 ஜனவரிலருந்துதான் மாசம் ஒரு நாளாவது காசு குடுத்து ஈடு கட்ட முடியாத லீவா கண்டிப்பா குடுத்தே ஆகணும்னு மாத்தினாங்க. மாசம் ஒரு நாள்!

எங்க வீட்ல விழுப்புரம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி ரெண்டு வருஷமா தங்கி வேலை பாக்கறா. குடும்பத்துல ஒருத்தி மாதிரிதான் நடத்தறோம். போன மாசம் என் தோடு காணாம போச்சு. அவளத் தவிர வேற யாரும் வரல. போனை வாங்கி வெச்சுக்கிட்டேன், யார்கிட்டயாவது குடுத்துட்டாளோன்னு பயம். இப்போ ஊருக்குப் போறேன்னு அழறா. அவ அப்பா 40,000 அட்வான்ஸ் வாங்கியிருக்கார், அது கழியற வரைக்கும் அனுப்ப முடியாதுன்னு சொல்லிட்டேன். இதுல என் மேல என்ன தப்பு?
*- பேரும் ஊரும் வேண்டாம்*

இன்னிக்கே, இத படிச்சு முடிச்ச உடனே, போனை அவ கையில குடுங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம்.

குடுத்தாச்சா? சரி. அட்வான்ஸ் கழியற வரைக்கும் போகக் கூடாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு சட்டத்துல பேர் கொத்தடிமை. செங்கல் சூளைலயும் அரிசி மில்லுலயும் மட்டும்தான் கொத்தடிமை இருக்கும்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், இல்லீங்க. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி முன்பணத்தக் காட்டி ஒரு ஆள போக விடாம வேலை வாங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அந்தக் கடனும் செல்லாததா ஆயிடும். நீங்க கெட்டவங்கன்னு சொல்ல வரல. நீங்க இத ஒரு வீட்டு விஷயமா நினைச்சு எனக்கு சாதாரணமா எழுதியிருக்கீங்க, அதான் எனக்கு பயமா இருக்கு.

தோடுக்கு வருவோம். அவ எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். வாஷிங் மெஷின் பில்டர், பெட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல, பழைய ஹேண்ட்பேக், எல்லாம் பாத்துட்டீங்களா? சந்தேகம் இருந்தா போலீஸ்ல எழுதிக் குடுங்க, அது உங்க உரிமை. ஆனா தெரிஞ்ச இன்ஸ்பெக்டர விட்டு "ரெண்டு தட்டு தட்டி விசாரிங்க"ன்னு சொல்றது உரிமை இல்ல. நம்ம ஊர்ல வீட்டு வேலை பாக்கற எந்தப் பொண்ணக் கேட்டாலும், எங்கயோ ஒரு வீட்ல ஒரு தடவையாவது திருட்டுப் பட்டம் வாங்கினத சொல்லுவா, பொருள் அப்புறம் சோபா இடுக்குல கிடைச்சிருக்கும், யாரும் மன்னிப்பு கேட்டிருக்க மாட்டாங்க.

ஏன் முதல்ல அவ மேலயே சந்தேகம் வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? உங்க பீரோ சாவி எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும். உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் என்ன சண்டைன்னு தெரியும், மாமனாருக்கு என்ன மாத்திரை, பையன் எத்தன மணிக்கு வீட்டுக்கு வந்தான், எல்லாம் தெரியும். உங்களப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஆள் உங்களுக்கு சமம் இல்லங்கற நினைப்பும் கூடவே இருக்கு. இந்த ரெண்டும் சேந்தா ஒரு பயம் வரும், அந்தப் பயம்தான் சந்தேகமா, பூட்டா, பையத் தொறந்து பாக்கறதா, போனைப் பிடுங்கறதா வெளிய வருது. நிறைய வீட்டுல கொடுமையோட ஆரம்பம் கோபத்துல இல்ல, இந்த பயத்துலதான் இருக்கு.

குடும்பத்துல ஒருத்தின்னு எழுதியிருக்கீங்க. அவ எங்க தூங்கறா? ஹால்லன்னு நினைக்கறேன், பெரும்பாலான வீட்ல ஹால்தான். அப்போ ஐபிஎல் சீசன்ல உங்க பையன் மேட்ச் முடிஞ்சு டிவி அணைக்கற வரைக்கும் அவளால பாய் விரிக்க முடியாது, காலைல பால் பாக்கெட் எடுக்க முதல்ல எந்திரிக்கறதும் அவதான். அவ எப்ப சாப்பிடறா? எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச அப்புறம்னா, மீன் குழம்பு வெச்ச அன்னிக்கு அவ தட்டுல மீன் விழுதா, இல்ல குழம்பு மட்டுமா? காய்ச்சல் வந்தா அன்னிக்கு பாத்திரம் யார் தேய்க்கறா? உங்க பொண்ணோட தோடு காணாம போயிருந்தா உங்க பொண்ணோட போனை வாங்கி வெச்சிருப்பீங்களா? குடும்பத்துல ஒருத்தின்னா கேள்வி கேக்காம எல்லா நேரமும் வேலை செய்யணும், ஆனா கோச்சுக்கிட்டு ரூம் கதவ சாத்திக்க மட்டும் முடியாது, இப்படி ஒரு உறவு முறை எந்தக் குடும்பத்துலயும் இல்ல.

அவள ஊருக்கு அனுப்புங்க, பஸ் காசும் இது வரைக்குமான சம்பளமும் குடுத்து. சட்டப்படி அந்தக் கடனே செல்லாதுன்னு சொன்னேன்ல, அதக் காட்டி பொண்ண அடமானமா வெச்சுக்காதீங்க. திரும்பி வந்தா அவளுக்குன்னு சாயங்காலம் ஒரு நேரம், வாரத்துல ஒரு நாள், பூட்டு போட்ட ஒரு பெட்டி. வரலன்னா வரல, விடுங்க.

வீட்டு வேலை பாக்கற பொண்ணுங்கள கொடுமை பண்றதுல பொம்பளைங்கதான் அதிகமா மாட்டறாங்க. பொம்பளைக்கு பொம்பளையே எதிரியா அக்கா?
*- வாசகி, கோயம்புத்தூர்*

இந்த வசனம் எனக்குப் பிடிக்கறதே இல்ல தங்கச்சி. வீடுங்கறது யார் பொறுப்புன்னு வெச்சிருக்கோம்? சாம்பார்ல உப்பு கம்மின்னா, பாத்ரூம் நாறுதுன்னா, குழந்தை ஸ்கூல் பஸ்ஸ விட்டுட்டா மாமியாரும் புருஷனும் கேக்கறது வீட்டம்மாவத்தான். அந்தம்மா அதே கேள்விய நாலு மடங்கு சத்தமா கீழ இருக்கறவகிட்ட கேப்பா. சில பேருக்கு வாழ்க்கையிலயே தன் பேச்ச கேட்டு நடக்கற ஒரே ஆள் அந்த வேலைக்காரப் பொண்ணுதான், அந்த ருசி பொல்லாதது. இத நான் நியாயம்னு சொல்லல, காரணம் கேட்டதால சொல்றேன். புருஷன் பேப்பர் படிச்சுக்கிட்டு "உங்க பொம்பளைங்க விஷயம்"னு உக்காந்திருப்பார், வேலைக்குக் கம்மி சம்பளம் பேசினதுல, லீவு குடுக்காததுல அவருக்கும் லாபம் இருக்கு, பேப்பர்ல பேர் மட்டும் வராது.

ஆம்பளைங்க பண்றது வேற ரகம், அது வெளிய வர்றதே அபூர்வம். ராத்திரி ஹால்ல தூங்கற பொண்ணுக்கு தாழ்ப்பாள் போட ஒரு கதவு இல்ல. 2013ல வந்த பணியிட பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்துல வீடும் பணியிடம்தான்னு தெளிவா எழுதியிருக்கு, புகார் குடுக்க மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் குழு இருக்கணும், கலெக்டர் ஆபீஸ்ல கேட்டா சொல்லணும். கேக்கற நிலைமைல அந்தப் பொண்ணு இருந்தா.

டயகமவில இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை 2021ல இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. எங்க தோட்டத்தில இருந்து இன்னமும் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்குதுகள். பணக்காரங்கள மட்டும் ஏசி என்ன பலன்?
*- வாசகர், ஹட்டன்*

ஞாபகம் இருக்குங்க, நல்லாவே. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துலருந்து போன 16 வயசுப் பிள்ளை, முன்னாள் அமைச்சர் ஒருத்தரோட கொழும்பு வீட்ல தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போய் ஜூலைல இறந்துச்சு. அந்த வீட்டுக்காரங்களையும், பிள்ளைய கூட்டிட்டுப் போய் விட்ட தரகரையும் அரெஸ்ட் பண்ணாங்க, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. அதனால எப்படி நடந்துச்சுன்னு நான் இங்க தீர்ப்பு எழுதல.

நீங்க கேக்கறது சரி. தரகர் இல்லாம இந்த வியாபாரமே இல்ல. லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீட்ல, ஒரு ரூம்ல ஆறு பேர், தேயிலைச் சம்பளம் கடைக் கடனுக்கே பத்தாது, அப்போ ஒருத்தர் வந்து நல்ல வீடு, படிச்ச மனுசங்க, பிள்ளைக்கு மூணு வேளை சாப்பாடுன்னு சொன்னா தாய் தகப்பன் என்ன செய்வாங்க. ஜார்கண்ட்ல கும்லா, சிம்டேகா பக்கத்துலருந்து டெல்லிக்கு ஏஜென்சி மூலமா போற ஆதிவாசிப் பொண்ணுங்க கதையும் அச்சு அசல் இதேதான். பெரிய வீட்டுக்காரங்க தேடறதே இந்த மாதிரி பிள்ளைகளத்தான், தூரத்து ஊர், பாஷை தெரியாத ஊர்க்காரங்க, தேடி வர ஆள் இல்லாத குடும்பம். உள்ளூர்ப் பொண்ணா இருந்தா சாயங்காலமே அண்ணன் வந்து வாசல்ல நிப்பான்ல. ஏழ்மைய காரணமா சொல்லலாம், ஆனா அந்த ஏழ்மைய பாத்துப் பாத்து பொறுக்கி எடுக்கறது இந்தப் பக்கம்.

சின்னப் பிள்ளைகள வெச்சா இன்னொரு வசதி, எதிர்த்துப் பேசாது. இந்தியால 2006 அக்டோபர்லருந்து 14 வயசுக்குக் கீழ வீட்டு வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு தடை இருக்கு, இலங்கைல வேலைக்கான வயச 16ன்னு ஏத்தினதே 2021லதான். அதே வருஷம்.

மேடம், என் தங்கச்சிக்கு வயசு 27. குவைத்ல வீட்டு வேலைக்கு ஏஜென்ட் கூப்பிடறார். முதல்ல விசிட் விசால போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்றார். அனுப்பலாமா?
*- வாசகி, ஆம்பூர்*

வேண்டாம். இது வரைக்கும் ஒத்தை வார்த்தைல பதில் சொன்ன கேள்வி இதுதான்.

பத்தாவது படிக்காதவங்க பாஸ்போர்ட்டுக்கு குவைத், சவுதி மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க கிளியரன்ஸ் வேணும், 30 வயசு ஆகாத பொண்ணுங்களுக்கு வீட்டு வேலைக்கு அந்த கிளியரன்ஸ் கிடையாது. 30 தாண்டினவங்களும் அரசு ஏஜென்சி மூலமாத்தான் போக முடியும், தமிழ்நாட்டுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு சென்னைல இருக்கு. விசிட் விசான்னு அவர் சொல்றதே இது எல்லாத்தையும் சுத்திப் போறதுக்குத்தான். அப்படிப் போனா உங்க தங்கச்சி அந்த நாட்டுல வேலை பாக்கறதா எந்த ரெக்கார்டும் இருக்காது, பிரச்சினைன்னு எம்பஸிக்குப் போனா முதல்ல அவ மேலதான் குத்தம் வரும்.

உங்க பக்கத்து மாவட்டத்துக் கதைதான், 2015ல காட்பாடிப் பக்கத்து அம்மா ஒருத்தங்க ரியாத்ல வேலைக்குப் போய் கை போயிடுச்சு. வீட்டுக்காரங்க வெட்டிட்டாங்கன்னு குடும்பம் சொன்னாங்க, தப்பிச்சுப் போகப் பாத்து மாடிலருந்து விழுந்துட்டாங்கன்னு அந்த ஊர் தரப்பு சொல்லுச்சு. ரெண்டுல எது உண்மையா இருந்தாலும் ஒண்ணு நிச்சயம், அந்தம்மாவால வாசல் கதவத் தொறந்து நடந்து வெளிய போக முடியல.

அதுக்குக் காரணம் கபாலா முறை. விசா முதலாளி பேர்ல கட்டியிருக்கும். அவர விட்டு ஓடினா இவங்கதான் குற்றவாளி. முதலாளி ஏஜென்சிக்கு மொத்தமா ஒரு தொகைய முன்னாடியே கட்டியிருப்பார், அதனால அவர் மனசுல "நான் காசு குடுத்து எடுத்தது"ங்கற நினைப்பு, அந்தக் காச கறந்தாகணும், அதுக்குள்ள ஓடிடக் கூடாது, அதான் பாஸ்போர்ட்ட பிடுங்கறது, வெளிய பூட்டிட்டுப் போறது. குவைத்ல சட்டம் இல்லாம இல்ல, 2015லயே வந்துச்சு, வாரம் ஒரு நாள் லீவு, ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுன்னு. இருந்தும் 2018 பிப்ரவரில பிலிப்பைன்ஸ் பொண்ணு ஒருத்தியோட உடம்பு ஒரு காலி பிளாட்டு ப்ரீசர்ல கிடைச்சுது. பிலிப்பைன்ஸ் அரசாங்கம் ஆள் அனுப்பறதையே நிறுத்திட்டாங்க. சில மாசத்துல குவைத் இறங்கி வந்து பாஸ்போர்ட்டும் போனும் அந்தப் பொண்ணுங்க கிட்டயே இருக்கலாம்னு ஒப்பந்தம் போட்டுச்சு. சொந்த நாடு சத்தம் போட்டா நடக்கும்கறதுக்காக சொல்றேன்.

இவ்வளவு நடக்குது, வீட்டு வேலைக்குன்னு தனிச் சட்டம் இல்லையா?
*- வாசகர், மதுரை*

நாடு முழுக்க ஒரே தனிச் சட்டம் இல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011ல வீட்டுப் பணியாளர்களுக்குன்னு 189ஆவது உடன்படிக்கை கொண்டு வந்தப்போ இந்தியா ஆதரிச்சு ஓட்டுப் போட்டுச்சு, ஆனா அத ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடல. 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு இதுக்கு ஒரு சட்டம் வேணுமான்னு பாக்க கமிட்டி போடுங்கன்னு மத்திய அரசுகிட்ட சொல்லுச்சு. தமிழ்நாட்டுல 2007லருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கு, பதிவு பண்ணா கல்வி உதவி, திருமண உதவி, பென்ஷன் மாதிரி சிலது உண்டு. ஆனா வீட்டோட தங்கி இருக்கற பொண்ணு பதிவு பண்ண வெளிய போகணுமே. தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் போவார், வீட்டுக்குள்ள போக மாட்டார். சட்டம் எழுதறவங்க, தீர்ப்பு சொல்றவங்க, என்ன மாதிரி பத்திரிகைல எழுதறவங்க வீட்லயும் வேலைக்கு ஆள் இருக்காங்க சார், இது ஏன் இழுத்துக்கிட்டே போகுதுங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்க அபார்ட்மெண்ட்ல எதிர் பிளாட்ல ஒரு சின்னப் பொண்ணு வேலை பாக்குது. அடிக்கடி அழற சத்தம் கேக்குது. பால்கனில துணி காயப் போட வரும்போது கையில காயம் பாத்தேன். செக்ரட்டரிகிட்ட சொன்னா "அவங்க பெரிய இடம், நமக்கு எதுக்கு"ங்கறார். என்ன பண்ணலாம்?
*- வாசகி, சென்னை*

2024 ஜனவரில திருவான்மியூர்ல ஒரு எம்.எல்.ஏ.வோட மகன், மருமகள் மேல இதே மாதிரி புகார் வந்து அரெஸ்ட் ஆனாங்க, பெரிய இடம்தான் அதுவும். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பொண்ணு, பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ வீட்டுக்காரங்க காயத்தப் பாத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ஆஸ்பத்திரிலருந்து போலீஸுக்கு தகவல் போச்சு, அங்கருந்துதான் கேஸே பிறந்துச்சு. கோர்ட்டு சொல்றத அப்புறம் பாப்போம், ஆனா பொங்கலுக்கு முன்னாடி அந்தக் காயத்தப் பாத்தவங்க சென்னைல ஒருத்தர் கூடவா இருந்திருக்க மாட்டாங்க?

பொண்ணு 18க்குக் கீழன்னு தோணுச்சுன்னா குழந்தைகள் உதவி எண் 1098, வயசு வந்த பொண்ணுன்னா பெண்கள் உதவி எண் 181, அடி விழுற சத்தம் அந்த நேரத்துல கேட்டா அவசர எண் 112க்கு போன் பண்ணுங்க. பிளாட் நம்பர், எத்தன மணிக்கு என்ன கேட்டுச்சு, எந்தக் கையில காயம், இத ஒரு பேப்பர்ல தேதி போட்டு எழுதி வெச்சுக்கிட்டுப் பேசுங்க. உங்க பேர் சொல்ல வேணாம்னா அதையும் முதல்லயே கேட்டுக்கோங்க. எதிர் வீட்டுக்காரங்ககிட்ட நேரா போய் நியாயம் கேக்காதீங்க, அன்னிக்கு ராத்திரி அடி அந்தப் பொண்ணுக்குத்தான் விழும், மறுநாளே வேற ஊர்ல வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. பால்கனில பாத்தா சாப்டியான்னு மட்டும் கேளுங்க, ஊர் எதுன்னு கேளுங்க. போலீஸ் வந்து வாசல்ல நின்னு பேசிட்டு ஒண்ணும் இல்லன்னு போயிட்டாங்கன்னா, மறுபடியும் போன் பண்ணி, பொண்ண தனியா வெச்சு விசாரிச்சாங்களான்னு கேளுங்க.